வீடு காலி இல்லை

எனக்குக் கல்யாணமாகிப் புதுக்கோட்டைக்குக் குடிவந்த வருஷத்தில், ஊரில் வீடுகள்தான் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தன. இதை இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. வீதிக்கு நாலு வீடாவது கதவில் சுண்ணாம்புக் கட்டியால் ‘வாடகைக்கு விடப்படும்’ என்று எழுதிவைத்துக்கொண்டு நிற்கும். மழையில் எழுத்துக் கரைந்தால் மறுபடி எழுதுவார்கள், அதுவும் கரையும். விலைவாசியெல்லாம் விழுந்து கிடந்த காலம். நெல்லுக்கு விலை இல்லை, கடையில் வியாபாரம் இல்லை. கொழும்புக்கும் பர்மாவுக்கும் போய்ச் சம்பாதித்தவர்கள் ஆசை ஆசையாகக் கட்டிய வீடுகள் பூட்டிக் கிடந்தன.

என் கணவர் சமஸ்தானக் கச்சேரியில் குமாஸ்தா. எனக்குப் பதினெட்டு வயது, கீரனூரிலிருந்து வந்தவள். நாங்கள் இருவரும் வீடு பார்க்கப் புறப்பட்ட அந்த ஒரு நாள் முழுக்க நான் மகாராணியாக இருந்தேன். போகிற வீட்டிலெல்லாம் நீர்மோர் கொடுத்தார்கள். ஒருவர் கிணற்றிலிருந்து அப்போதே தண்ணீர் சேந்தி, “குடிச்சுப் பாருங்க, கல்கண்டு” என்று செம்பை நீட்டினார். இன்னொருவர், “மொத மாசம் வாடகையே வேணாங்க, வெள்ளையடிச்சும் தாரேன்” என்றார். நான் எல்லாவற்றுக்கும் மூக்கைச் சுளித்தேன். அடுப்படி இருட்டு என்றேன், முற்றம் சின்னது என்றேன். கீரனூரில் நான் வளர்ந்தது ஒரே ஒரு அறையும் ஒரு மாட்டுக் கொட்டிலும் உள்ள வீட்டில் என்பதை என் கணவர் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காக இன்றைக்கும் அவரை மெச்சுகிறேன்.

கடைசியாகப் பார்த்தது கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த வீடு. ‘ரங்கூன்காரர் வீடு’ என்றால் எல்லோருக்கும் தெரியும். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது, கூடவே வீட்டுக்காரர் ரங்கூனிலிருந்து எழுதிய ஒரு கடிதமும். வாடகை மாதம் நாலு ரூபாய். பேரம் கிடையாது. பதிலுக்கு இரண்டு காரியம் செய்ய வேண்டும். தினமும் அந்தி நேரத்தில் கூடத்து மாடத்தில் விளக்கேற்ற வேண்டும், கொல்லையில் வைத்திருக்கும் மாதுளங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட நிபந்தனை அதிசயமில்லை. விளக்கெரியாத வீட்டுக்குள் மூதேவி குடிவந்துவிடுவாள் என்று பயந்து, விளக்கேற்ற ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று வாடகையைப் பாதியாகக் குறைத்தவர்கள் ஊரில் நிறையப் பேர். நாலு ரூபாய்க்கு இரண்டு அறை, கூடம், முற்றம், அடுப்படி, கிணற்றோடு கொல்லை. நான் மூக்கைச் சுளிக்க மறந்துபோனேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னதிலிருந்து தெரிந்தது இதுதான். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் அரிமளத்துக்குப் பக்கத்து கிராமத்து விவசாயக் குடும்பத்தவர்கள். அவருக்கு ரங்கூனில் ஓர் அரிசி மண்டியில் வேலை. சிறுகச் சிறுகச் சேர்த்து இந்த வீட்டைக் கட்டி, பால் காய்ச்சி, ஒன்பது நாள் அதில் குடியிருந்தார்கள். எட்டாம் நாள் அந்த அம்மாள் மாதுளங்கன்றை வைத்தாள். பத்தாம் நாள் கப்பலேறப் புறப்பட்டுவிட்டார்கள்.

அந்தக் கன்று எங்கள் முதல் கோடையிலேயே பட்டுப்போனது. குற்றம் என்னுடையதுதான். சித்திரையில் கிணறு பாறை தட்டியிருந்தது. நான் பத்து நாள் கீரனூருக்குப் போய்விட்டேன். என் கணவர் விளக்கை மட்டும் நினைவு வைத்திருந்தார். திரும்பி வந்து பார்த்தால் சரளை மண்ணில் ஒரு சாண் குச்சி நின்றது. கிள்ளிப் பார்த்தேன், உள்ளே பச்சை இல்லை.

அதே வாரம் ரங்கூனிலிருந்து கடிதம் வந்தது. அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அவள் கணவர் எழுதியிருந்தார், அவள் பேச்சை அப்படியே வைத்து. ‘தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொண்டது. மாதுளை துளுத்துருச்சா?’ என்று தொடங்கியிருந்தது. என்னை யாரும் அதுவரை தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. அம்மா என் ஏழு வயதில் போய்விட்டாள். அப்பா மறுபடி கட்டிக்கொண்டவள் என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிடமாட்டாள், ‘இந்தா’ என்பாள். தங்கச்சி என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பட்டுப்போன குச்சியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போய், ‘துளுத்துருச்சு அக்கா. ரெண்டு எலை விட்டிருக்கு, செக்கச் சிவப்பா’ என்று எழுதினேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அடுத்த கடிதத்தில் மரம் என் முழங்கால் உயரம் வளர்ந்தது. அதற்கடுத்த கடிதத்தில் இடுப்பு உயரம். என் கணவர் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகும்போது, “இன்னிக்கு எம்புட்டு ஒசரம்?” என்று கேட்பார். இரண்டாம் வருஷம் பூவிட்டது. அந்த ஆடியில் முப்பத்தேழு காய் காய்த்தது. முப்பத்தேழு என்று ஏன் எழுதினேனோ தெரியாது, நாற்பது என்றால் பொய்போல இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அந்த மரம் தெரிய ஆரம்பித்துவிட்டது. கொல்லையில் துணி உலர்த்தும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவேன், கிளை முகத்தில் படுமே என்று. மத்தியான வெயிலில் கண்ணை லேசாக மூடிக்கொண்டால் நிழல்கூட விழும். நான் அங்கே பாயைப் போட்டுப் படுத்துத் தூங்கியதும் உண்டு. விழித்தால் உடம்பெல்லாம் வெயில் காய்ந்திருக்கும், ஆனால் தூங்கும்போது குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

அவளும் அங்கே சும்மா இருக்கவில்லை. ரங்கூனில் மரப்பலகை அடித்த ஒரு மாடி அறையில் இருந்தார்கள். வருஷத்தில் பாதி நாள் மழை. தினமும் படுக்கப் போகும்முன் கண்ணை மூடிக்கொண்டு இந்த வீட்டுக்குள் நடப்பாளாம். வாசற்படி ஏறுவாள், கூடத்தைத் தாண்டுவாள், முற்றத்தில் வானத்தை ஒருமுறை பார்ப்பாள், அடுப்படி வழியாகக் கொல்லைக்குப் போய் மாதுளைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தூங்கிவிடுவாள். ஒருமுறை பதறிப்போய் எழுதியிருந்தாள். ‘கூடத்துலருந்து அடுப்படிக்கு ஒம்பது எட்டா, பத்து எட்டா? நேத்து நடக்கும்போது எண்ணிக்கை தப்பிருச்சு. சுவத்துல முட்டிக்கிட்டேன். நடந்து பாத்து எழுதுத்தா.’

நான் நடந்து பார்த்தேன். எனக்குப் பதினொன்று வந்தது. அவள் என்னைவிட உயரமோ என்று யோசித்து, காலை நீட்டி வைத்து நடந்தேன், ஒன்பது வந்தது. ‘ஒம்பதுதான் அக்கா’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு மத்தியானங்களில், முற்றத்து வெயில் சுவரில் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், நீட்டி நீட்டி ஒன்பது எட்டு வைத்து யாரோ கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போவதுபோல இருக்கும். பயமே இல்லை. வீட்டில் ஓர் ஆள் கூட இருக்கிற தெம்புதான் இருந்தது. ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் குடியிருந்தோம், முகம் பார்க்காமல், ஆறு வருஷம்.

அப்புறம் ரங்கூனில் குண்டு விழுந்தது. கடிதம் நின்றது.

பர்மா அரிசி வரத்து நின்றதும் ஊரின் முகம் மாறியது. அதற்குப் பின்னாலேயே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மலையும் காடும் நடந்து வந்தவர்கள், கப்பலில் கடைசி இடம் பிடித்தவர்கள், மூட்டையோடு வந்தவர்கள், மூட்டையும் இல்லாமல் வந்தவர்கள். சித்திரை பிறந்ததும் பட்டணத்திலும் குண்டு விழப்போகிறது என்ற பேச்சுக் கிளம்பி, அங்கிருந்தும் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். புதுக்கோட்டையில் என்ன இருக்கிறது, ஜப்பான்காரன் வந்து குண்டு போட? அந்த ஒரு தகுதியாலேயே எங்கள் ஊர் திடீரென்று பெரிய ஊராகிவிட்டது. கதவுகளில் இருந்த சுண்ணாம்பு எழுத்தெல்லாம் ஒரே வாரத்தில் அழிந்தது. மூன்று ரூபாய் வீடு பன்னிரண்டு ரூபாய் ஆனது. மாட்டுக் கொட்டிலுக்குக் கூரை மாற்றி வாடகைக்கு விட்டார்கள். ஒரு வீட்டில் சாமான் வண்டியில் ஏறுகிறது என்றால், சந்து முனையில் அடுத்த குடித்தனக்காரரின் வண்டி தயாராக நிற்கும்.

இருக்கிறவர்களைக் கிளப்பினால்தானே புதியவர்களுக்கு விடலாம்? நீர்மோர் கொடுத்த அதே வீட்டுக்காரர்களுக்குத் திடீரென்று மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது, வாயுப் பிடிப்புக்கு இடம் மாற வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். எங்கள் எதிர்வீட்டுக் குடித்தனக்காரர் எதற்கும் அசையவில்லை. ஒரு காலையில் வீட்டுக்காரர் ஓடு மாற்றுகிறேன் என்று கூரையில் ஆளை ஏற்றினார். பழைய ஓட்டை இறக்கினார்கள், புது ஓடு வரவேயில்லை. மூன்றாம் நாள் அவர்கள் சாமானை வண்டியில் ஏற்றினார்கள். வேறு இடம் கிடைத்ததா என்று கேட்டேன். “கெடைச்சாத்தானுங்க போகணுமா?” என்றாள் அந்த வீட்டுப் பெண், என் மேல் எரிந்து விழுந்து.

எங்கள் வாடகை மட்டும் நாலு ரூபாயாகவே நின்றது. ஏற்றச் சொல்வதற்கு ஆள் இல்லையே. உண்மையைச் சொல்ல வேண்டும். அக்காவின் கடிதம் வராத கவலை எனக்கு இருந்தது. அந்தக் கவலையோடு ஒரு சின்ன நிம்மதியும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

ஏனென்றால் நான் அப்போது ஏழு மாதம் முழுகாமல் இருந்தேன். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. மற்றப் பெண்களைப்போலப் பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு எனக்கு இல்லை. கீரனூருக்குப் போகிறேன் என்று நான் கேட்கவும் இல்லை, வா என்று அங்கிருந்து யாரும் சொல்லவும் இல்லை. பிள்ளை இந்த வீட்டில்தான் பிறந்தாக வேண்டும். இதைவிட்டால் வேறு வீடு கிடைக்காது, அது நிச்சயம். நிறைமாதக்காரிக்கு எங்கள் பக்கம் யாரும் வீடு விடமாட்டார்கள். பெற்றவளையும் பச்சைப் பிள்ளையையும் மாதக்கணக்கில் கிளப்ப முடியாது, தப்பித்தவறி ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்கும் பெயர் கெட்டுப்போகும். நல்ல காலத்திலேயே இப்படி. அந்த வருஷம் கேட்கவே வேண்டாம்.

வீடு கேட்டு வருகிறவர்கள் காலையிலிருந்து கதவைத் தட்டுவார்கள். ஓர் அறையாவது கொடுங்கள் என்பார்கள், இருபது ரூபாய் என்பார்கள். முதலில் அவர்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன், தண்ணீர் கொடுத்தேன். பிறகு கதையைக் கேட்பதை நிறுத்தினேன். ஆனி மாதம் வந்தபோது தண்ணீர் கொடுப்பதையும் நிறுத்தியிருந்தேன். கதவைத் திறக்கும்போதே என் வாய், “வீடு காலி இல்லைங்க” என்று சொல்லிவிடும்.

ஆனியில் ஓர் அந்தி. மாடத்தில் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, இரண்டே தட்டு. கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு போய்த் திறந்தேன்.

“வீடு காலி இல்லைங்க.”

படிக்குக் கீழே ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம். நெற்றியில் பொட்டு இல்லை. வெள்ளையும் இல்லாத பழுப்பும் இல்லாத ஒரு சேலை. கால் இரண்டும் வீங்கி, வெடிப்பில் செம்மண் அப்பியிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். என் தோளுக்கு மேலாக உள்ளே எரிந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“தெரியுதுங்க” என்றாள். போகத் திரும்பினாள். திரும்பியவள் நின்று, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கேட்டாள்.

“மாதுளை காய்க்குதுங்களா?”

“காய்க்குது” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். சந்தில் இறங்கி நடந்தாள்.

இதைப் பல பேரிடம் பல வருஷம் நான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். அவள் போன பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது, ஓடிப்போய்ப் பார்த்தேன், அதற்குள் காணவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அப்படி இல்லை. இல்லாத ஒரு மரத்தைப் பற்றி விசாரிக்க உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருக்க முடியும். அவள் கேட்டு முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. சந்து முனைக்குப் போக அவளுக்கு முப்பது எட்டாவது ஆகியிருக்கும், அதுவும் அந்தக் காலோடு. நீட்டி நீட்டித்தான் வைத்தாள். ‘அக்கா’ என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அவள் முனை திரும்பியதும் கதவைச் சாத்தினேன்.

ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒன்பது நாளும் வீட்டில் நான் தனியாகிப்போனேன். மத்தியானத்தில் கூடத்திலிருந்து அடுப்படிக்கு யாரும் நடக்கவில்லை. கொல்லையில் பாயைப் போட்டுக் கண்ணை மூடினால் வெயில்தான் சுட்டது, மரம் வரவில்லை. விளக்கேற்றக் குச்சியைக் கிழித்தால் அணைந்து அணைந்து போனது. அவளாக மறுபடி வருவாள், வந்தால் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒருநாள் நினைப்பேன். அவளாக இருக்காது, வேறு யாராவது தப்பு விலாசத்தில் கேட்டிருப்பார்கள் என்று மறுநாள் நினைப்பேன். பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்ததும் தேடிப்போகலாம் என்று அடுத்த நாள். நினைக்கத் தெரிந்தவளுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்? ஆனால் எதை நினைத்தாலும், ஒரு செம்பு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே என்பது மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது. அந்தக் காலோடு நடந்து வந்தவள்.

பத்தாம் நாள் என் கணவருக்குச் சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாதுளையைப் பற்றிக் கேட்டாள் என்றதும் அவர் கை தட்டில் அப்படியே நின்றது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லி அழுது முடித்திருப்பேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, “அரிமளத்துக்குக் காலைல ஏழு மணிக்கு பஸ்ஸு. நான் போயிட்டு வாரேன்” என்றார்.

“நானும் வாரேன்.”

“இந்த வயித்தோடயா?”

“இந்த வயித்தாலதான இம்புட்டும்” என்றேன்.

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி போட்டு ஓட்டினார்கள். பஸ்ஸின் பின்னால் ஓர் உருளை அடுப்பைக் கட்டி, அதில் கரியை அள்ளிப் போட்டு, ஒருவர் துருத்திச் சக்கரத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால்தான் வண்டி முனகிக்கொண்டு நகரும். மேடு வந்தால் எல்லோரும் இறங்க வேண்டும். என்னை மட்டும் இறங்க வேண்டாம் என்றார்கள். நான் ஒருத்தி உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் பின்னால் நடந்து வர, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே அந்தப் பஸ் கனவில் போகிற தேர்போல ஊர்ந்து போயிற்று. போய்ச் சேராமலே இருந்துவிட்டால் நல்லது என்றிருந்தது எனக்கு.

அவள் ஊரை அவள் கடிதங்களிலிருந்தே எனக்குத் தெரியும். அரிமளத்தில் இறங்கி ஊருணிக் கரையோடு நடந்தால் அரை மைல். அங்கே அவள் சித்தப்பா வீடு. விசாரித்ததும் ஒருவர் மாட்டுக் கொட்டிலைக் கை காட்டி, “இங்கிட்டுப் போங்க, பர்மாவுலருந்து வந்த புள்ளதான?” என்றார். கொட்டிலின் ஓர் ஓரத்தை ஓலைத்தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். அதன் நிழலில் அவள் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“கரி பஸ்ஸுலயா வந்தே? ஒனக்குப் புத்தி இருக்கா? மொதல்ல ஒக்காருத்தா” என்று அதட்டினாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதை வாங்கிக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் வேட்டி முனையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். கடிதம் நின்ற மாதத்திலிருந்து சேர்த்துவைத்த வாடகை. வைத்துவிட்டு, “பஸ்ஸு திரும்ப ரெண்டு மணிக்குங்க” என்று சொல்லிவிட்டுப் புளியமரத்தடிக்குப் போய்விட்டார்.

“அண்ணன்?” என்று கேட்டேன்.

“வழியில காய்ச்சல் கண்டுச்சு. ஒரு மூங்கக் காட்டுக்குள்ள. மூணு நாள் கூடவே இருந்தேன். அப்புறம் வந்தவுக கூப்புட்டாக, எந்திருச்சு வந்துட்டேன்.” அவள் கடலையை எடுத்து உடைக்கத் தொடங்கினாள். ஆறு வருஷம் எனக்குத் தங்கச்சி என்று எழுதிய கையெழுத்து இனிமேல் வராது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அக்கா, மாதுளை காய்க்கலை. அது மொத கோடையிலயே பட்டுப்போச்சு” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். “ஒரு சாண் குச்சி ரெண்டே வருஷத்துல முப்பத்தேழு காய் காய்ச்சுச்சுன்னு எழுதுனியே. நானும் காட்டுல மேட்டுல வளந்தவதான. அப்பவே தெரியும். அவரு படிச்சுக் காட்டிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஆனா அடுத்த கடுதாசி வந்தா, இந்தத் தடவ எத்தனை காயின்னு மொதல்ல பாக்குறது அவருதான்.”

நான் சிரிக்கவில்லை. சொல்ல வந்தது இன்னும் பாக்கி இருந்தது. “அன்னைக்கு வந்தது நீங்கதான்னு எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சுதான் கூப்புடாம நின்னேன்.”

அவள் கை நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

“நானும் பேரச் சொல்லத்தான் வந்தேன்” என்றாள். “நாந்தான் வீட்டுக்காரி, ரங்கூன்லருந்து வந்துருக்கேன்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டுதான் வந்தேன். நீ கதவத் தொறந்தே. வயித்தப் பாத்தேன். தாய்வீடு இல்லைன்னு நீதான எழுதிருந்தே? நான் பேரச் சொன்னா நீ எங்கிட்டுப் போவே? இந்த வருசம் எவன் ஒனக்கு வீடு குடுப்பான்?”

“அப்புறம் எதுக்கு மாதுளையக் கேட்டீங்க?”

“ஒரு வார்த்தகூடப் பேசாமப் போக மனசு வரலத்தா. வேற என்னத்தக் கேக்குறது?”

நான் அழுத அழுகையில் கொட்டிலில் இருந்த மாடு திரும்பிப் பார்த்தது. அவள் என்னை அழவிட்டாள். அழுது முடித்ததும், கிளம்புங்கள் வீட்டுக்கு என்றேன். அவள் மாட்டேன் என்றாள். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டுக்குள் இப்போதுதான் தாலியை இறக்கியவள் நுழையக் கூடாது, பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதே வந்தாக வேண்டும் என்றால் கொல்லை வழியாக வருகிறேன் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் கட்டிய வீட்டுக்குள் அவள் கொல்லை வழியாக வருவதா? நீங்கள் வராவிட்டால் நானும் இந்தக் கொட்டிலிலேயே உட்கார்ந்துகொள்கிறேன், பிள்ளையை இங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்று காலை நீட்டிவிட்டேன். நான் அப்படிச் செய்யக்கூடியவள்தான் என்பது கடிதங்களிலேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். சாமான் என்று ஒரு துணி மூட்டை, அதுவும் கைக்கு அடங்கியது.

பஸ்ஸில் நானும் அவளும் ஒரே பலகையில் உட்கார்ந்தோம், என் கணவர் முன்னால். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கரிப்புகையும் செம்புழுதியும் கலந்து, ஜன்னலுக்கு வெளியே தோப்புகள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மிதந்தன. ஆறு வருஷமாக என் கூடவே ஒரு வீட்டில் இருந்தவளின் தோள் இப்போது நிஜமாகவே என் தோளில் இடித்தது. எனக்குக் கண்ணைச் சொருகியது. பிள்ளை பிறந்துவிட்டதுபோலவும், அவள் அதைக் குளிப்பாட்டுவதுபோலவும் ஏதேதோ தோன்றியது.

“தங்கச்சி” என்றாள்.

“என்னக்கா?”

“எனக்கு எந்த அறையக் குடுப்பே?”

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. என் கணவர் கொடுத்த முடிச்சை மடியிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வாடகை என்னன்னு இப்பவே சொல்லிரு. இவுக குடுத்ததுலருந்தே தாரேன். இந்தப் பணம் எத்தன மாசத்துக்கு வரும்?”

அந்தக் கையை முடிச்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பஸ் புதுக்கோட்டை வந்து நிற்கும்வரை அழுதுகொண்டே வந்தேன்.